குகதாசனின் நாற்காலி

ஐரோப்பிய ஒன்றியத்துக்கு அந்த மந்திரியின் நாடு முறைவைத்துத் தலைமை தாங்குவது ஆறே மாதம். ஆனால் அவருடைய மிடுக்கைப் பார்த்தால் ஐரோப்பாவே அவர் பாட்டன் சொத்து. எல்லை தாண்டிப் பக்கத்து நாட்டில் மேடையேறி, "அடுத்த வருடம் இந்த நாடும் எங்கள் ஒன்றியத்தில் சேரும்!" என்று முழங்கினார்.

அங்கே மேடைக்கு எதிரே அகதிக் கூடாரத்தில் கிடந்த யாழ்ப்பாணத்துக் குகதாசன் எழுந்து வந்து ஒன்றியத்தில் தஞ்சம் கேட்டான்.

"ஒன்றியத்தின் எல்லையைத் தாண்டாமல் உள்ளே வந்து காட்டு, தருகிறேன்," என்று மைக்கிலேயே நக்கலடித்தார் மந்திரி.

குகதாசன் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

"சரி ஐயா, நான் தாண்டமாட்டன். வாற வருசம் உங்கட எல்லை என்னைத் தாண்டிப் போகும்தானே? அதுவரைக்கும் இதிலயே இருக்கிறன்."

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. மைக்கை அணைக்க மறந்த மந்திரி பக்கத்தில் நின்ற தன் அதிகாரியின் காதைக் கடித்தார்: "இந்த நாற்காலியை மட்டும் விட்டுவிட்டு எல்லை போட முடியுமா?"