சொம்புத் தண்ணீரும் மூன்று பெடலும்

நாங்குநேரி தாண்டித் தெற்கே போய், யாரிடமும் வழி கேட்காமல் நடந்தால் வெள்ளந்திக்குளம் வந்துவிடும். கேட்டால் வராது. கேட்கப்படுகிற ஆள் அநேகமாக அந்த ஊர்க்காரராக இருப்பார்.

அந்த ஊர்க்காரர்களை முட்டாள்கள் என்று நான் சொல்ல மாட்டேன். எனக்கு அங்கே கொடுக்கல் வாங்கல் உறவு இருக்கிறது, நாளைக்கு ஒரு விசேஷத்தில் முகத்தில் விழிக்க வேண்டும். சொன்னதைச் சொன்னபடி செய்கிறவர்கள், அவ்வளவுதான். எழுதிக் கொடுத்தால் இன்னும் கவனமாகச் செய்வார்கள்.

அந்த ஊர் இசக்கியப்பனுக்கு, நாலு வீடு தள்ளியிருந்த பூரணத்தின் மேல் ஆசை. பூரணத்துக்கும் அவன் மேல் ஆசைதான். நடுவில் நின்றது அவளுடைய அப்பா, டிரைவர் பிச்சையா. முப்பத்தோரு வருஷம் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். அவர் குடும்பத்தில் ஒரு வழக்கம் உண்டு. மாப்பிள்ளையாக வருகிறவன் வண்டி ஓட்ட வேண்டும், உள்ளே நிறைசொம்புத் தண்ணீர் வைப்பார்கள், ஒரு சொட்டு சிந்தினாலும் பெண் கிடையாது.

"ஜாதகம் பொய் சொல்லும், பிரேக் சொல்லாது" என்பார் பிச்சையா. ஏற்கெனவே ஒருவன் ஷேர் ஆட்டோவிலும் இன்னொருவன் டிராக்டரிலும் தோற்றுப்போயிருந்தார்கள். டிராக்டர்காரன் சொம்பையே தொலைத்துவிட்டான்.

இசக்கியிடம் வண்டி கிடையாது, லைசென்ஸும் கிடையாது. வள்ளியூரிலிருந்து சொந்தக் கார் வைத்திருக்கும் ஒரு மாப்பிள்ளை அடுத்த ஞாயிற்றுக்கிழமை வருவதாகப் பூரணம் சொல்லி அனுப்பியபோது, அவனுக்கு ஒரு வாய் சோறு இறங்கவில்லை. இதை நான் விளையாட்டாகச் சொல்லவில்லை, பாவம், நிஜமாகவே இறங்கவில்லை.

அவனிடம் இருந்தது ஒன்றே ஒன்று. பெங்களூர் அத்தான் பழசாகிவிட்டது என்று கொடுத்துவிட்டுப் போன பந்தயக் கார் விளையாட்டு. ஒரு நாற்காலி, ஒரு ஸ்டீயரிங், காலடியில் கிளட்ச், பிரேக், ஆக்ஸிலேட்டர் என்று மூன்று பெடல். டிவியில் மாட்டிவிட்டால் ரோடு தெரியும், கார் உறுமும், வீடு மட்டும் நகராது. கூடவே அத்தான் தன் கையால் எழுதிய ஒரு தாளும் இருந்தது: 'நிஜக் கார் மாதிரியே ஓட்டுவது எப்படி.'

இசக்கியின் கூட்டாளி நல்லகண்ணு, அந்த ஊரிலேயே அறிவாளி என்று பேர் எடுத்தவன், பிச்சையாவிடம் தூது போனான்.

"மாமா, எங்க இசக்கிகிட்டயும் கார் இருக்கு. வீட்டுக்குள்ளயே ஓடும்."

"எத்தனை பெடல்?"

"மூணு."

"அப்போ கார்தான். சனிக்கிழமை வாரேன்" என்றார் பிச்சையா.

அன்றைக்கே பயிற்சி ஆரம்பித்தது. நல்லகண்ணு தாளைப் பிரித்து முதல் விதியை வாசித்தான். 'ஆக்ஸிலேட்டரைப் பட்டென்று மிதிக்காதே. காலுக்கும் பெடலுக்கும் நடுவில் ஒரு முட்டை இருப்பதுபோல மெல்ல மிதி.'

உடனே ஒரு டஜன் முட்டை வந்தது. முதல் வளைவு வருவதற்குள் பதினொன்று உடைந்துவிட்டது. இசக்கியின் கால் வழுக்கிக்கொண்டு கிளட்ச் வரைக்கும் போய்த் திரும்பியது. மூன்று பேரும் கன்னத்தில் கை வைத்து யோசித்தார்கள். மூன்றாவது ஆள் மாசானம். பரோட்டாக் கடைக்காரன், நூற்றுப் பன்னிரண்டு கிலோ.

"அத்தான் நாட்டுக்கோழி முட்டைன்னு எழுதியிருக்காரா, பிராய்லரா?" என்று கேட்டான் மாசானம்.

"முட்டைன்னுதான் போட்டிருக்கு."

"பச்சையா, அவிச்சதா?"

நல்லகண்ணு தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "அதுவும் போடல."

"போடலைன்னா அவிச்சிருவோம்" என்றான் மாசானம். மிச்சமிருந்த ஒரு முட்டையை அவித்துப் பெடலில் வைத்தார்கள். இசக்கி பூப்போல மிதித்தான். கார் முதல்முறையாகச் சுவரில் மோதாமல் இருநூறு அடி போனது. வெற்றியைக் கொண்டாடும் விதமாக மாசானம் அந்த முட்டையைத் தின்றுவிட்டான்.

இரண்டாவது விதி பிரேக் பற்றியது. 'நேர்ரோட்டிலேயே பிரேக் பிடி. பிடிக்கும்போது எடை முன்னால் வரும். வளைவில் திரும்பும்போது பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக விடு. ஆக்ஸிலேட்டர் மிதித்தால் எடை பின்னால் போகும்.'

"எடைன்னா யாரு?" என்றான் இசக்கி.

இரண்டு பேரும் மாசானத்தைப் பார்த்தார்கள். மாசானம் மறுக்கவில்லை. தனக்கும் ஒரு பொறுப்பு வந்ததில் அவனுக்குச் சந்தோஷம்தான். டிவி பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொண்டான். இசக்கி பிரேக் பிடித்தால் முன்னால் சாய்வான், ஆக்ஸிலேட்டர் மிதித்தால் நிமிர்வான். மெல்லப் பிடித்தால் மெல்லச் சாய்வான், சடாரென்று பிடித்தால் சடாரென்று விழுவான். அந்த விஷயத்தில் அவன் தர்மம் தவறியதே இல்லை.

ஒரு சிரமம் மட்டும் இருந்தது. மாசானம் சாய்ந்தால் டிவி முழுக்க மறைந்துவிடும்.

"ஏல, ஒவ்வொரு வளைவு வரும்போதும் ரோடு காணாமப் போகுதுல" என்று புலம்பினான் இசக்கி.

"ரோடு எங்கயும் போகல. எனக்குப் பின்னாலதான் இருக்கு" என்று தைரியம் சொன்னான் மாசானம்.

மூன்றாவது விதி கிளட்ச். 'கியர் மாற்றும்போது மட்டும் கிளட்சை மிதி. மற்ற நேரம் இடது கால் கிளட்ச் பக்கமே போகக் கூடாது.' இசக்கியின் இடது கால் அவன் பேச்சைக் கேட்காமல் அடிக்கடி அங்கே போனது. அதனால் அதை மடக்கி நாற்காலியோடு துண்டால் கட்டிவிட்டார்கள். அப்புறம்தான் கியர் மாற்றக் கால் இல்லை என்பது தெரிந்தது. நல்லகண்ணு தரையில் குப்புறப் படுத்து, இசக்கி "ம்" என்றால் கிளட்சைக் கையால் அமுக்கினான். படுத்த இடத்திலிருந்து மாசானத்தின் அக்குளுக்கடியில் கொஞ்சம் ரோடு தெரிந்ததால், இடதா வலதா என்று சொல்லும் வேலையையும் அவனே ஏற்றுக்கொண்டான்.

இப்படியாக மூன்று பேர் சேர்ந்து ஒரு காரை ஓட்டினார்கள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஒரு முழுச் சுற்று முடித்தபோது இசக்கி அழுதேவிட்டான்.

சனிக்கிழமை பிச்சையா வந்தார். கையில் நிறைசொம்பு. பின்னால் பூரணம். அவள் வாசற்படியோடு நின்றுகொண்டாள். அவளைப் பார்த்ததும் இசக்கி கட்டிப்போட்டிருந்த காலை வேட்டியால் மூடிக்கொண்டான்.

"சொம்பை எங்க வைக்க?" என்று சுற்றிப் பார்த்தார் பிச்சையா.

"மேசையில வைங்க மாமா" என்றான் நல்லகண்ணு, தரையிலிருந்து.

"மேசை என்ன பயணியா? பயணி மடியிலதான் சொம்பு இருக்கணும். இங்க பயணி யாரு?"

மாசானம் கையைத் தூக்கினான். சொம்பு அவன் மடிக்குப் போனது. இப்போது விளையாட்டு வினையாகிவிட்டது. இசக்கி அவசரப்பட்டுப் பிரேக் பிடித்தால் மாசானம் விழுவான், மாசானம் விழுந்தால் தண்ணீர் கொட்டும், தண்ணீர் கொட்டினால் பூரணம் வள்ளியூருக்குப் போய்விடுவாள்.

கார் கிளம்பியது. இசக்கி அந்த ஒரு முட்டையை நினைத்துக்கொண்டு மிதித்தான். "வலது வருது" என்றான் நல்லகண்ணு. இசக்கி நேர்ரோட்டிலேயே பிரேக்கில் காலை வைத்து, பாரம் மெல்ல ஏறுவதுபோல அமுக்கி, ஸ்டீயரிங்கைத் திருப்பும்போது கொஞ்சம் கொஞ்சமாகப் பிரேக்கை விட்டான். மாசானம் கோயில் தேர் சாய்வதுபோலச் சாய்ந்து, அதேபோல நிமிர்ந்தான். சொம்பில் ஒரு அலை வந்து போனது. பிச்சையாவின் புருவம் ஏறியது.

பன்னிரண்டு வளைவு அப்படியே போயிற்று. பந்தயத்தில் இருந்த மற்ற கார்கள் எல்லாம் முடித்துவிட்டு வீட்டுக்கே போயிருக்கும். பதிமூன்றாவது வளைவில், எங்கிருந்தோ ஒரு மஞ்சள் கார் குறுக்கே வந்தது.

"பிரேக்கைப் பிடில!" என்று கத்தினான் நல்லகண்ணு.

இசக்கி இரண்டு கண்ணையும் மூடிக்கொண்டு பிரேக்கை முழுசாக மிதித்தான். மாசானம் கடமை தவறாமல் குப்புற விழுந்தான். டிவி ஆடியது. பூரணம் வாயைப் பொத்திக்கொண்டாள்.

பிச்சையா குனிந்து தரையைத் தடவினார். காய்ந்து கிடந்தது. மாசானத்தின் வேட்டியைத் தடவினார். அதுவும் காய்ந்திருந்தது. சொம்பை வாங்கிக் கவிழ்த்தார். சொட்டுக்கூட இல்லை.

"தண்ணி எங்கடா?"

"குடிச்சிட்டேன் மாமா" என்றான் மாசானம். "விழப்போறோம்னு தெரிஞ்சுது. கொட்டுறதுக்கு முன்னாடி குடிச்சிட்டேன்."

பிச்சையா சொம்பை இன்னொரு தடவை கவிழ்த்துப் பார்த்தார்.

"முப்பத்தோரு வருஷம் ஓட்டியிருக்கேன். சடன் பிரேக் போடும்போது என் பஸ்ல ஒரு பயணி நிம்மதியாத் தண்ணி குடிச்சதில்ல. பொண்ணு உனக்குத்தாம்ல" என்று இசக்கியின் தோளில் தட்டினார். இசக்கி காலில் விழப் பார்த்தான். கால் கட்டியிருந்ததால் நாற்காலியோடு விழுந்தான்.

கல்யாணம் ஊரிலேயே, இசக்கி வீட்டிலிருந்து நாலாவது வீடாக இருந்த மண்டபத்தில். ஒன்பதிலிருந்து பத்தரைக்குள் முகூர்த்தம். பிச்சையா ஒரே ஒரு நிபந்தனை போட்டார். மாப்பிள்ளை அவன் காரில்தான் மண்டபத்துக்கு வர வேண்டும்.

அதில் தவறாக எதுவும் யாருக்கும் படவில்லை. காலை ஏழரைக்கு இசக்கி மாலையும் பட்டு வேட்டியுமாக நாற்காலியில் உட்கார்ந்தான். மாசானம் ஸ்டூலில், நல்லகண்ணு தரையில். மாப்பிள்ளையை அழைத்துப் போக வந்த பிச்சையா பின்னால் ஒரு கட்டிலில் உட்கார்ந்து "போலாம் ரைட்" என்றார்.

பந்தயம் இருபது சுற்று. எட்டரைக்குப் பிச்சையாவின் போன் அடித்தது. பூரணம்தான்.

"எங்கப்பா இருக்கீங்க?"

"பாதி தூரம் வந்தாச்சும்மா. மாப்பிள்ளை அருமையா ஓட்டுதாரு."

ஒன்பதே காலுக்குப் பந்தயம் முடிந்து கொடி அசைந்தது. டிவியில் கணக்கு வந்தது: நூற்று ஆறு கிலோமீட்டர். இசக்கி பிரேக்கைப் பதமாகப் பிடித்து வண்டியை நிறுத்தி, கால் கட்டை அவிழ்த்துக்கொண்டு, மாலையைச் சரிசெய்து வாசலில் இறங்கினான். பிச்சையாவும் நல்லகண்ணுவும் பின்னாலேயே இறங்கினார்கள்.

மூவரும் தெருவைப் பார்த்துத் திகைத்து நின்றார்கள்.

"இந்த ஊர்லயும் நம்ம ஊர் மாதிரியே ஒரு வேப்பமரம் நிக்கி" என்றான் நல்லகண்ணு.

"மரத்துல கட்டியிருக்க எருமையும் எங்க எருமை மாதிரியே இருக்குல" என்றான் இசக்கி. எருமை அவனை அடையாளம் கண்டு கத்தியது. அவனுக்குத்தான் அதை அடையாளம் தெரியவில்லை.

"தூரதேசம் போனா அப்படித்தான் இருக்கும். போர்டைப் பாத்துத்தான் ஊரைக் கண்டுபிடிக்கணும்" என்று எதிர்க்கடைப் பலகையைப் படித்தார் பிச்சையா. "பாத்தியா, இங்கயும் ஒரு வெள்ளந்திக்குளம் இருக்கு."

இசக்கிக்கு அப்போதுதான் விஷயம் உறைத்தது. கல்யாணம் நம்ம வெள்ளந்திக்குளத்தில். நிற்பதோ நூற்று ஆறு கிலோமீட்டர் தள்ளி. அவன் மாலையோடு மண்ணில் உட்கார்ந்துவிட்டான்.

"எல்லா வளைவுலயும் ஒழுங்காத்தானே பிரேக் பிடிச்சேன் மாமா? எங்க தப்பாச்சு?"

"பிரேக்ல குறையே இல்ல மாப்ள. இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிட்டோம்."

"வந்த வழியே ரிவர்ஸ்ல போயிருவோம்" என்றான் நல்லகண்ணு.

"ரிவர்ஸ்ல இருபது சுத்தா? மத்தியானம் ஆயிரும். முகூர்த்தம் பத்தரைக்கு முடியுது." பிச்சையா தலையில் அடித்துக்கொண்டார். "எம் பொண்ணு அங்க தனியா மணவறையில உக்காந்திருப்பாளே!"

அந்த நேரம் பூரணம் தெருவில் வந்தாள். கூறைப்புடவை, தலை நிறையப் பூ, ஒரு கையில் கொசுவத்தைத் தூக்கிப் பிடித்திருந்தாள்.

"நடுத்தெருவுல என்ன பண்ணுதீங்க?"

பிச்சையா ஓடிப்போய் அவள் கையைப் பிடித்தார். "நீ எப்படிம்மா இவ்வளவு தூரம் வந்த?"

"நடந்துதான்."

மூவரும் அவளை ஏற இறங்கப் பார்த்தார்கள். அவளுடைய புடவையில் ஒரு கசங்கல் இல்லை, நெற்றியில் ஒரு துளி வேர்வை இல்லை.

"நூத்தி ஆறு கிலோமீட்டரா?" என்றான் இசக்கி மெல்ல.

பூரணம் மூன்று முகங்களையும் ஒரு தடவை பார்த்தாள். அவளும் அந்த ஊரில் பிறந்து வளர்ந்தவள். விளக்கிச் சொல்ல எவ்வளவு நேரமாகும், முகூர்த்தத்துக்கு எவ்வளவு நேரம் இருக்கிறது என்று இரண்டையும் அவளால் கணக்குப் போட முடிந்தது.

"ஆமா" என்றாள். "எந்திரிங்க, திரும்பவும் நடந்தே போயிருவோம்."

"கால் வலிக்கலையா பூரணம்?"

"உங்களுக்காகத்தானே நடந்தேன்" என்றாள் அவள். இசக்கிக்குக் கண் கலங்கிவிட்டது. இப்படி ஒரு பெண்ணுக்கு என்ன செய்து ஈடுகட்டப்போகிறோம் என்று நினைத்தபடியே அவள் பின்னால் நடந்தான். இரண்டு நிமிஷத்தில் மண்டபம் வந்துவிட்டது. பெண் கொடுக்கும் விஷயத்தில் இனிமேல் காரைச் சோதிப்பதில்லை, நடையைத்தான் சோதிப்பது என்று பிச்சையா வழியிலேயே முடிவெடுத்துவிட்டார்.

ஒன்பதரைக்குத் தாலி ஏறியது. பந்தியில் உட்கார்ந்தபோதுதான் ஒரு இலை காலியாக இருப்பதைப் பார்த்தார்கள். மாசானம் வராத பந்தி என்று அந்த ஊரில் ஒன்று நடந்ததே இல்லை. பிச்சையாவே தேடிக்கொண்டு ஓடினார்.

மாசானம் ஸ்டூலில், டிவியைக் கட்டிப்பிடிக்கிற மாதிரி முன்னால் சாய்ந்தபடியே இருந்தான்.

"என்னல இன்னும் இப்படியே இருக்க?"

"பிரேக்கைப் பிடிச்சிட்டு எல்லாரும் இறங்கிப் போயிட்டீங்க மாமா. ஆக்ஸிலேட்டரை மிதிக்காம நான் எப்படி நிமிர?"

நியாயமான பேச்சுதான். பிச்சையா நாற்காலியில் உட்கார்ந்தார். கல்யாண நாளில் முட்டைக்கு எங்கே போவது? பந்தியிலிருந்து கையோடு கொண்டுவந்திருந்த உளுந்துவடையைப் பெடலில் வைத்துப் பதமாக மிதித்தார். மாசானம் மெல்ல மெல்ல நிமிர்ந்தான். வடையை எடுத்து ஊதி, வாயில் போட்டுக்கொண்டு மண்டபத்துக்கு நடந்தான்.

இலையில் சாப்பாடு விழுந்தது. முதல் வாய் சாம்பாரை ருசித்துவிட்டு அவன் பக்கத்து இலை நல்லகண்ணுவிடம் சொன்னான்:

"நூறு கிலோமீட்டர் தள்ளி வந்தும் நம்ம ஊர் கைப்பக்குவம் அப்படியே இருக்குல. கல்யாணத்தைப் பேசாம இங்கயே வச்சிருக்கலாம்."