யானை மேல் ஏறிய இணையம்

ஒரு ஊரிலே ஒரு ராஜா இருந்தார். அந்த ராஜாவுக்குக் கிரீடம் இருந்தது, கோட்டை இருந்தது, கோட்டை முழுக்க வைஃபையும் இருந்தது. பேர் கோதண்டவர்மர். வாரத்துக்கு ஒருநாள் பக்கத்து வரகூர் ராஜாவோடு இணையத்தில் சதுரங்கம் ஆடாவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது.

ஆட்டத்துக்கு ஒரு விதி உண்டு. நடுவில் யாருடைய இணையம் அறுந்தாலும் திரை பத்து எண்ணும். அதற்குள் திரும்பி வராதவர் தோற்றவர். இப்படியே கோதண்டவர்மர் போன மாதம் வெண்கொற்றக் குடையைத் தோற்றார். இந்த மாதம் பேசுகிற கிளியைத் தோற்றார். அந்தக் கிளி இப்போது வரகூரில் உட்கார்ந்துகொண்டு இவரையே திட்டுகிறதாம். அந்த ரோஷத்தில் வரும் வெள்ளிக்கிழமை ஆட்டத்துக்குப் பட்டத்து யானை அலங்காரியையே பந்தயம் வைத்துவிட்டார்.

"இணையம் மட்டும் போகக்கூடாது. போனால் தலைகள் உருளும்!"

திவான் கார்மேகனார் மீசையைத் தடவினார். "இரண்டு கம்பெனி, இரண்டு கேபிள் போட்டாயிற்று மகாராஜா. நீலம் முக்கியம், மஞ்சள் மாற்று. நீலம் செத்தால் மஞ்சள் கண்மூடித் திறப்பதற்குள் பிடித்துக்கொள்ளும். கரண்ட் போனாலும் இன்வெர்ட்டர் இருக்கிறது."

சபையில் எல்லாரும் கைதட்டினார்கள். அரண்மனை விகடகவி மாசிலாமணி மட்டும் தட்டவில்லை. ராஜாவைச் சிரிக்க வைப்பதும், அவர் சறுக்கும் இடத்தில் பிடித்துக்கொள்வதும்தான் அவர் வேலை. காலையில் அவர் அந்த இரண்டு கேபிளையும் அண்ணாந்து பார்த்தபடி கூடவே நடந்து போயிருந்தார். தேர்வீதி முனைக்கு வந்ததும் அங்கேயே நின்றுவிட்டார்.

"மகாராஜா, என் கண்ணுக்கு இரண்டும் ஒன்றாகத்தான் தெரிகிறது."

"ஓய், உமக்கு எண்ணத் தெரியாதா?" என்றார் திவான். "நீலம் ஒன்று, மஞ்சள் ஒன்று. கண் டாக்டரைப் பாரும்!"

சபை கொல்லென்று சிரித்தது. மாசிலாமணி மேலே சொல்ல வாயெடுத்தார். ராஜா கையை உயர்த்திவிட்டார்.

"இரண்டும் ஒன்று என்றால் நிரூபித்துக் காட்டு. வெள்ளிக்கிழமை ஆட்டம் முடிவதற்குள். ஆனால் நீயோ உன் ஆளோ கேபிளில் ஒரு விரல்கூட வைக்கக்கூடாது. முடியாவிட்டால் தலைப்பாகையைக் கழற்றிவிட்டு அலங்காரிக்குத் தீனி வெட்டப் போ."

"உத்தரவு மகாராஜா."

திவான் அன்று சாயங்காலமே பட்டறைக்குப் போய் ஒரு புது அரிவாள் வாங்கி, தீட்டி, தன் ஆசனத்துக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டார். மாசிலாமணியோ யானைக் கொட்டடிக்குப் போய், பாகன் கொம்பையனோடு வெற்றிலை போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பேசிக்கொண்டிருந்தார்.

வெள்ளிக்கிழமை வந்தது. அன்றைக்குத்தான் ஊரில் தேரோட்டம். ராஜா தேர் வடத்தைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு, ஓட்டமும் நடையுமாக வந்து டேப்லெட் முன்னால் உட்கார்ந்தார். ஆட்டம் சூடு பிடித்தது. வரகூர் ராஜாவின் ராணி மாட்டிக்கொண்டது. இன்னும் இரண்டே காய் நகர்த்தினால் வெற்றி.

வெளியே கொம்பு ஊதினார்கள். மேளம் நெருங்கியது. திரை அப்படியே உறைந்து நின்றது.

"பத்து…" என்றது திரை.

"பயப்படாதீர்கள், மஞ்சள் பிடித்துக்கொள்ளும்!" என்றார் திவான்.

"ஒன்பது… எட்டு…"

மஞ்சள் பிடிக்கவில்லை. பெட்டியில் நீல விளக்கும் இல்லை, மஞ்சள் விளக்கும் இல்லை. திவான் பெட்டியைத் தட்டினார், குலுக்கினார், குலதெய்வத்தைக் கூப்பிட்டார்.

"ஐந்து…"

"என் அலங்காரி போச்சே!" என்று அலறினார் ராஜா.

மாசிலாமணி குனிந்து டேப்லெட்டை ஒருமுறை தொட்டார். வைஃபை பட்டியலில் புதிதாக ஒரு பெயர் இருந்தது: அலங்காரி. 'மூன்று' என்று எண்ணும்போது திரை உயிர் பெற்றது. ராஜா மளமளவென்று இரண்டு காயை நகர்த்தினார். வரகூர் ராஜா தலையில் கைவைத்துக்கொண்டதைத் திரையில் எல்லாரும் பார்த்தார்கள்.

மூச்சு திரும்பியதும் ராஜா கர்ஜித்தார். "யாரடா என் கேபிளை அறுத்தது?"

மாசிலாமணி இடுப்பிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்துப் படித்தார். "தேர் வரும் வேளையில் வீதியின் குறுக்கே ஒரு நூல்கூடத் தொங்கக்கூடாது. எல்லாவற்றையும் கழற்றி இறக்கவும். இப்படிக்கு, திவான் கார்மேகனார்."

திவானின் மீசை தொங்கியது. "அது… வருஷா வருஷம் போடும் உத்தரவு…"

"ஆமாம். கரண்டை நினைத்தீர்கள், கேபிளை மறந்தீர்கள். கம்பெனி இரண்டு, நிறம் இரண்டு. கம்பம் ஒன்று, வீதி ஒன்று, இறக்கச் சொன்ன கையெழுத்தும் ஒன்று. நான் விரலே வைக்கவில்லை மகாராஜா."

"அப்படியானால் ஆட்டம் எப்படி ஓடியது?"

மாசிலாமணி ஆற்றுப்பக்கத்து ஜன்னலின் திரைச்சீலையை விலக்கினார். கீழே அலங்காரி காதை ஆட்டிக்கொண்டு நின்றாள். அவள் முதுகில் கொம்பையன், அவன் கையில் சிம் போட்ட ஒரு சின்னப் பெட்டி.

"கோட்டைச் சுவர் கனத்துக்கு உள்ளே சிக்னல் நுழையாது. தரையில் நின்றால் ஒரு கோடு. அலங்காரி மேல் ஏறினால் நாலு கோடு, அக்கரை டவரிலிருந்து. இந்த வழி தேர்வீதிப் பக்கமே போகாது. நீங்கள் பந்தயம் வைத்த யானை தன்னைத் தானே காப்பாற்றிக்கொண்டது, மகாராஜா!"

ராஜா சிரித்த சிரிப்பில் கிரீடம் காதுவரை இறங்கிவிட்டது. "என்ன வேண்டும், கேள்!"

"எனக்கு ஒன்றும் வேண்டாம். காலையிலிருந்து நின்றவளுக்கு ஒரு கட்டுக் கரும்பு."

"தந்தோம். யார் வெட்டுவது?"

எல்லார் கண்ணும் திவானின் ஆசனத்துக்குப் பக்கத்தில் மினுங்கிய புது அரிவாளின் மேல் போய் நின்றது. திவான் அதை எடுத்துக்கொண்டு வாசலை நோக்கிப் போனார்.

"திவான் ஐயா!" மாசிலாமணி கூப்பிட்டார். "மாற்றுக்கு இன்னொரு கட்டும் வெட்டிவிடுங்கள். ஆனால் அது வேறே தோட்டத்தில்!"