சத்தம் குடித்த சுவர்

வெகு காலத்துக்கு முன்னால், ஆறுகூடச் சோம்பல் முறித்துக்கொண்டே ஓடுகிற ஒரு நாட்டை நெடுமுடி என்ற ராஜா ஆண்டுவந்தார். ஆண்டார் என்பது பேச்சுக்குத்தான். மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் படுத்துவிடுவார். அப்புறம் அரண்மனையில் பல்லிகூடக் கத்தக் கூடாது.

அவருக்கு வருகிற கனவு எப்போதும் ஒன்றுதான். பனி மூடிய ஆற்றில் ஒரு படகு வரும். அவரைத் தூக்கி வளர்த்து, இளவயதிலேயே இறந்துபோன அக்கா அதில் உட்கார்ந்திருப்பாள். கரை நெருங்கும். "தம்பி..." என்று வாயெடுப்பாள். அந்த நேரம் பார்த்து, அரண்மனைக்குப் பின்னால் கன்னார் தெருவில் வெண்கலப் பானை தட்டுகிறவர்கள் 'டணார்' என்று ஒரு போடு போடுவார்கள். படகும் போச்சு, அக்காவும் போச்சு. ராஜா எழுந்து உட்கார்ந்து தேம்பி அழுவார். கிரீடம் வைத்தவர் அழுதால் பார்க்கச் சகிக்குமா?

சபையில் பூவராகன் என்று ஒரு பிரதானி இருந்தான். மந்திரி திருமேனியைக் கண்டால் அவனுக்கு வயிற்றெரிச்சல். கன்னார் தெரு மனைகள்மேல் அவனுக்கு ஒரு கண்ணும் உண்டு.

"அந்தத் தெருவையே காலி பண்ணிவிட்டால் தீர்ந்தது, மகாராஜா" என்றான்.

"உலையையும் பிள்ளைகுட்டிகளையும் தூக்கிக்கொண்டு அவர்கள் எங்கே போவார்கள்?" என்றார் திருமேனி. "சத்தத்தை நான் பார்த்துக்கொள்கிறேன்."

ராஜா கொட்டாவி விட்டார். "இருவரும் ஆளுக்கொரு படுக்கையறை கட்டுங்கள். எதில் என் கனவு முடிகிறதோ அவர் சொன்னபடி நடக்கும். மந்திரியாரே, தோற்றால் தெருவோடு நீரும் கிளம்ப வேண்டும்."

பூவராகன் வழவழவென்று இழைத்த கருங்கல்லில் அறை கட்டினான். காற்றுக்கு ஆற்றுப் பக்கம் ஒரே ஒரு ஜன்னல். திருமேனியோ கன்னார் தெருக் குப்பைமேட்டுக்குப் போனார். வெண்கலம் வார்க்கிற அச்சுக்கு உமி கலந்த மண்ணைத்தான் பிசைவார்கள். நெருப்பில் உமி எரிந்துபோய், மண் முழுக்கக் கண்ணுக்குத் தெரியாத துளைகள் நிற்கும். உடைந்த அந்த அச்சுகளை அள்ளிவந்து, அதேபோல் ஜன்னல் வைத்த ஓர் அறைக்கு உள்சுவராக அடுக்கினார்.

"ஓட்டையை அடைத்துத்தான் சத்தத்தை நிறுத்துவார்கள். மந்திரியார் ஓட்டையாலேயே சுவர் எழுப்புகிறார்!" என்றான் பூவராகன். சபை விழுந்து விழுந்து சிரித்தது.

கருங்கல் அறையில் ராஜா படுத்தார். ஜன்னல் வழியே வந்த ஒரு டணார், சுவருக்குச் சுவர் மோதி ஊர்ப்பட்ட டணாராகப் பெருகியது. ராஜாவின் குறட்டையே திரும்பி வந்து அவரை எழுப்பியது.

மறுநாள் மண் அறை. வெயில் சாய்ந்து விளக்கு வைக்கும் வரை கதவு திறக்கவில்லை. கடைசியில் ஈரக் கண்ணோடு ராஜா வெளியே வந்தார்.

"என்ன மாயம் இது, மந்திரியாரே?"

"மாயமில்லை, மகாராஜா. சத்தம் என்பது காற்றின் நடுக்கம். அது அந்தச் சின்னத் துளைகளுக்குள் புகுந்து, உரசி உரசி, சோர்ந்து அடங்கிவிடுகிறது. கூர்மையான கணீர் முதலில் சாகும். அடியில் இருக்கிற தொம் தொம் மட்டும் கொஞ்சம் மிஞ்சும்."

பூவராகன் துள்ளி எழுந்தான். "மிஞ்சுகிறதாமே! சத்தம் முழுசாக நிற்கவில்லை. மந்திரி தோற்றார்!"

"உட்காரும் ஓய்" என்றார் ராஜா. "இன்றைக்கு அக்கா பேசினாள். 'பனியிலே கரையே தெரியலை தம்பி. அந்தக் கன்னார் தட்டுற தொம் தொம்மைக் கேட்டுக்கிட்டேதான் துடுப்புப் போடறேன்'னு சொன்னாள். நீர் சொன்னதைக் கேட்டுத் தெருவைக் காலி செய்திருந்தால், அவள் எனக்கு இன்னொரு தடவை செத்திருப்பாள்."

ராஜா தம் முத்துமாலையைத் திருமேனிக்குப் போட்டார். பூவராகனுக்குக் கருங்கல் அறையையே வீடாகக் கொடுத்தார். இனி அவன் பெருமையை அவனே பேசி, அவனே திரும்பத் திரும்பக் கேட்டுக்கொள்ளலாம்.

ஒருநாள் கன்னார் தெருவில் கல்யாணம், உலை மூட்டவில்லை. மத்தியானம் ராஜா தாமே செருப்புக்கூடப் போடாமல் நடந்து போய், பந்தலோரம் தயங்கி நின்றார்.

"யாராவது கொஞ்சம் தட்டுங்களேன். அக்கா வர்ற நேரமாச்சு."

மாப்பிள்ளையே மாலையைக் கழற்றி வைத்துவிட்டுச் சுத்தியலை எடுத்தான்.