கை நிறையப் பூஜ்யம்

குலசேகரன் வேலையை விடப்போவதாகச் சொன்னபோது, தமயந்தி டீச்சர் சீட்டுக்கட்டிலிருந்து ராஜா, ராணி, ஜாக்கிகளைப் பிரித்து ஓரமாக வைத்துக்கொண்டிருந்தார்.

"இந்த மாசத்தோட நின்னுக்கறேன் டீச்சர். திருப்பூருக்குப் போயிடலாம்னு இருக்கேன்."

டீச்சர் நிமிரவில்லை.

அந்த நடுநிலைப் பள்ளிக்கு அவர் தலைமையாசிரியை. குலசேகரன் பெற்றோர் சங்கம் போட்ட தற்காலிகக் கணக்கு வாத்தியார். வயதில் அவரைவிடப் பத்து வருஷம் மூத்தவன். ஆனாலும் பாடம் நடத்துவது என்றால் என்ன என்று அவன் கற்றுக்கொண்டது அவரிடம்தான். மற்ற வாத்தியார்கள் அவனை 'டீச்சரோட சீடர்' என்று கேலி செய்வார்கள். அவனும் சிரித்துக்கொள்வான். மனைவி கனகம் இறந்த இந்த ஆறு மாதமாகச் சிரிப்பதில்லை.

"வீட்டையும் காலி பண்ணியாச்சு" என்றான். "அவ சாமான் எல்லாத்தையும் குடுத்துட்டேன். போட்டோவைக்கூட அவ தம்பி எடுத்துட்டுப் போயிட்டான். கல்யாணமாகி நல்லாத்தான் இருந்தோம். அப்புறம் ஆஸ்பத்திரி, ஆஸ்பத்திரின்னு அலைஞ்சோம். போயிட்டா. கூட்டிக் கழிச்சுப் பார்த்தா ஒண்ணுமில்ல டீச்சர்."

டீச்சர் சீட்டுக்களைத் தட்டிச் சீராக்கினார்.

"ஏழாம் வகுப்புக்கு இன்னிக்குக் குறை எண்ணைக் கழிக்கறது. நீங்க சீட்டைப் போடுங்க சார். நான் பின்னால உட்கார்ந்துக்கறேன்."

சீட்டு என்றதும் வகுப்பு துள்ளியது. பள்ளிக்கூடத்தில் சீட்டாட்டமா என்று போன வாரம் இரண்டு அப்பாக்கள் சண்டைக்கு வந்திருந்தார்கள். டீச்சர் அவர்களையும் உட்காரவைத்து ஓர் ஆட்டம் போட்டு அனுப்பினார். கறுப்புச் சீட்டு மிகை எண். சிவப்புச் சீட்டு குறை எண். கையிலிருப்பதைக் கூட்டினால் வருவதுதான் கணக்கு. ஆட்டம் அவ்வளவுதான்.

குலசேகரன் ஆளுக்கு நாலு சீட்டு போட்டான். சுடரொளி என்ற பெண் தாமதமாக வந்தாள். அதற்குள் கட்டு தீர்ந்துவிட்டது.

"உனக்குச் சீட்டு இல்லம்மா. உன் கணக்கு பூஜ்யம். உட்காரு."

ஒவ்வொருவராகச் சொல்லச் சொல்ல போர்டில் எழுதினான். பூங்காவனம் தன் சீட்டுக்களை விரித்துக் காட்டினாள். கறுப்பு ஐந்து, கறுப்பு மூன்று. சிவப்பு ஆறு, சிவப்பு இரண்டு.

"எட்டு ஏறி, எட்டு இறங்கியாச்சு. பூஜ்யம்" என்றான் குலசேகரன். "நீயும் சுடரொளியும் சமம்."

"எப்படி சார் சமம்? எங்கிட்ட நாலு சீட்டு இருக்கு. அவகிட்ட ஒண்ணுகூட இல்ல!"

"ஏறினதும் இறங்கினதும் சரியாப் போச்சுல்ல? அப்புறம் எதுக்கு அதைப் பிடிச்சுக்கிட்டு இருக்கே? கீழ போடு."

பூங்காவனம் போடவில்லை. சீட்டுக்களை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

"கீழ போடுன்னேன்ல!"

வகுப்பு அடங்கிவிட்டது. குலசேகரனுக்கே தன் குரல் அந்நியமாகக் கேட்டது.

கடைசி பெஞ்சிலிருந்து டீச்சர் எழுந்து வந்தார். இரண்டு பெண்களையும் முன்னால் அழைத்தார்.

"ரெண்டு பேரும் பூஜ்யம். சார் சொன்னது சரிதான். இப்ப ரெண்டு பேர்கிட்டயும் ஒண்ணு கேக்கறேன். சிவப்பு ஆறைக் குடுங்க."

சுடரொளி வெறும் கையை விரித்தாள்.

பூங்காவனம் சிவப்பு ஆறை உருவிக் கொடுத்தாள். மீதியைக் கூட்டிப் பார்த்தாள். மறுபடியும் கூட்டினாள்.

"ஆறு!" என்று கத்தினாள். "சார், எனக்கு ஆறு வந்துருச்சு! எடுத்ததுக்கு அப்புறம் கூடுது சார்!"

வகுப்பே எழுந்து நின்று கத்தியது. குறை எண்ணைக் கழித்தால் ஏன் கூடுகிறது என்று நேற்றெல்லாம் கேட்டுத் துளைத்த பிள்ளைகள். 'விதி அப்படி, எழுதிக்கோ' என்று அவன் சொல்லியிருந்தான்.

குலசேகரன் சாக்பீஸும் கையுமாக நின்றான். எங்கிருந்தோ ஒரு மழை நாள் நினைவுக்கு வந்தது. கீரனூரில் கடைசி பஸ்ஸை விட்டுவிட்டு அவனும் கனகமும் ரயில்வே கேட் வரை நனைந்துகொண்டே நடந்தார்கள். அறுந்த செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு அவள் வழியெல்லாம் சிரித்தாள். அந்த நினைவில் ஆஸ்பத்திரி இல்லை. அவள் போன பிறகு அப்படி ஒரு நினைவு வந்தது அதுதான் முதல் தடவை.

பிள்ளைகள் சாப்பிடப் போனபிறகு குழாயடியில் டீச்சரைப் பிடித்தான்.

"நீங்க கறுப்பு அஞ்சைக் கேட்டிருந்தா அந்தப் பொண்ணு பூஜ்யத்துக்குக் கீழ போயிருப்பா."

"போயிருப்பா."

"சுடரொளிக்கு அந்தப் பயம் இல்ல. அவ கையிலேர்ந்து யாரும் எதையும் பிடுங்க முடியாது."

"முடியாதுதான்."

"அப்ப வெறுங்கைதானே டீச்சர் நிம்மதி?"

டீச்சர் கையைக் கழுவி முந்தானையில் துடைத்துக்கொண்டார்.

"சுடரொளி வெளியில போறப்ப எங்கிட்ட வந்தா சார். நாளைக்கு எனக்கும் சீட்டு போடச் சொல்லுங்க டீச்சர், எல்லாம் சிவப்பா வந்தாலும் பரவாயில்லன்னா."

குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. குலசேகரன் அதை இறுக்கி மூடினான்.

"என் கையில இருக்கற சிவப்பை யாரு டீச்சர் வந்து கேக்கப் போறாங்க?"

"தெரியல சார். கேக்கற அன்னிக்கு, கறுப்பு உங்க கையில இருக்கணும்."