பல் ஆஸ்பத்திரி வாசலில் மூன்று கார்கள்

சிங்காநல்லூரில் ஒரு டயர் கடையின் மேல்மாடியில் மரகதத்தம்மா தியானம் சொல்லிக்கொடுத்தார். அவருக்கு நாற்பத்து நான்கு வயது. சீடர்களில் மூத்தவர் ஆறுக்குட்டிக்கு அறுபத்திரண்டு. மெக்கானிக் பட்டறை வைத்திருந்து, போன வருடம்தான் இழுத்து மூடியவர். ஆறு வருடமாகக் கண்ணை மூடி உட்கார்ந்தும் அவருக்குள்ளிருந்து ஒருவன் மட்டும் எழுந்து போகவில்லை.

அந்த ஒருவன் கோவர்த்தனன். மில் முதலாளி வீட்டுப் பிள்ளை. இரண்டே பேர் உட்காரும் இங்கிலாந்துப் பந்தயக் கார் வைத்திருந்தவன். நாற்பது வருடத்துக்கு முன் அந்தக் காரின் இன்ஜினைப் பிரித்து, மூன்று நாள் பாடுபட்டு ஓட வைத்தது ஆறுக்குட்டிதான்.

"ஒரு ரவுண்டு கூட வரட்டுங்களா?" என்று ஆசையாய்க் கேட்டார்.

"கிரீஸ் வேட்டியோடயா? சீட்டு பாழாப் போயிரும். பின்னாலயே ஓடி வா."

கூட நின்ற நாலு பேரும் சிரித்தார்கள். சொன்னவன் வீடு போய்ச் சேருவதற்குள் மறந்திருப்பான். கேட்டவன் மறப்பானா?

இப்போது காளப்பட்டியில் இருந்த ஒரே இடத்தை விற்றுவிட்டு, அதே ரகக் கார் ஒன்றை வாங்கக் கிளம்பிவிட்டார் ஆறுக்குட்டி. கையும் காலும் ஓய்ந்த காலத்துக்கு என்று வைத்திருந்த இடம் அது. மனைவி பாப்பாத்தி சோறு போட்டாள், பேச்சை நிறுத்திவிட்டாள். ஒரு வண்டிதான் வாங்க முடியும். அது தப்பாகிப் போனால் திரும்ப எழ வழியில்லை. விலைக்கு வந்திருந்ததோ மூன்று.

"மூணும் ஒரே ரகக் கார்தானுங்க அம்மா. ஆனா வேற வேற வருசத்துது. முதல்ல வந்தது கம்பி வீலு, குரோம் பம்பர், கூரை கிடையாது. அடுத்தது இரும்புக் கூரை வெச்சது, கியர் வெண்ணெய் மாதிரி விழும். கடைசியா வந்தது கறுப்பு ரப்பர் பம்பர். பார்க்கச் சுமாரு, ஆனா ஸ்பேர் கிடைக்கும். எதை வாங்கட்டுங்க?"

"எனக்குக் காரைப் பத்தி என்ன தெரியும்?"

"என்னைத் தெரியுமில்லீங்க."

மரகதத்தம்மா சிரித்தார். "சரி. ஓட்டிப் பார்க்கும்போது நானும் வர்றேன்."

முதல் நாள் கூரை இல்லாத வண்டி. காரின் சொந்தக்காரர், நம்பிக்கைக்கு ஆறுக்குட்டியின் ஸ்கூட்டர் சாவியை வாங்கி வைத்துக்கொண்டார். தரையோடு தரையாக இருந்த சீட்டில், கிணற்றில் இறங்குவது போல வேட்டியைப் பிடித்துக்கொண்டு இறங்கினார் ஆறுக்குட்டி. வண்டி நேராக ரேஸ்கோர்ஸ் ரோட்டுக்குப் போனது. ஒரு பெரிய பழைய வீட்டின் முன் வேகம் குறைந்தது. இரண்டு தரம் ஹாரன். வாட்ச்மேன் ஓடி வந்து கேட்டைத் திறந்தான். உள்ளே போகாமல் கிளம்பிவிட்டார்.

"வண்டி எப்படி?" என்று பக்கத்துச் சீட்டிலிருந்து கேட்டார் மரகதத்தம்மா.

"உள்ளே இருக்கிற ஆளு நல்லாத் தெரியுறானுங்க."

இரண்டாம் நாள் கூரை வைத்த வண்டி. அதே ரோடு, அதே வீடு, அதே ஹாரன். கேட் திறந்தது. இவர் நகர்ந்துவிட்டார்.

"இது?"

"கூரை மறைக்குதுங்க. ஓட்டறது யாருன்னே தெரியாது."

மூன்றாம் நாள் ரப்பர் பம்பர் வண்டி. இந்தத் தடவை வாட்ச்மேன் கேட்டைத் திறக்கவில்லை. நடந்து வந்து ஜன்னலில் குனிந்தான்.

"பல்லு வலிங்களா ஐயா? மூணு நாளா வாசல் வரைக்கும் வந்துட்டு வந்துட்டுத் திரும்பிப் போறீங்க. பயப்படாதீங்க. டாக்டரம்மா மரத்துப்போற ஊசி போட்டுத்தான் புடுங்குவாங்க."

மரகதத்தம்மா நிமிர்ந்து போர்டைப் பார்த்தார். பல் ஆஸ்பத்திரி.

"முன்னே இது யார் வீடு?" என்று ஆறுக்குட்டியைக் கேட்டார்.

"கோவர்த்தனன் வீடுங்க."

"அவர் எங்கே?"

"செத்துப் பதினோரு வருஷமாச்சுங்க."

"அது உங்களுக்கு எப்பத் தெரியும்?"

"அன்னைக்கே தெரியுமுங்க."

மரகதத்தம்மா கதவைத் திறந்து இறங்கினார். கேட்டுக்குப் பக்கத்தில் போய் நின்றார்.

"நான் கோவர்த்தனனா நிக்கறேன். நீங்க ஒரு ரவுண்டு போயிட்டு வாங்க. வயிறெரிஞ்சு பார்க்கணும், அவ்வளவுதானே? பார்க்கறேன்."

"விளையாடாதீங்க அம்மா."

"இடத்தை வித்தாச்சு. இது விளையாட்டா?"

வாட்ச்மேன் தலையைச் சொறிந்தான். "நானும் பார்க்கட்டுங்களா?"

"நீங்களும் பாருங்க."

ஆறுக்குட்டி கிளம்பினார். ரேஸ்கோர்ஸ் ரோடு வட்டமாய் ஓடி, புறப்பட்ட இடத்துக்கே வந்து சேரும். பக்கத்துச் சீட்டு காலி. முதல் வளைவில் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தபோது இன்ஜின் லேசாக ஒருமுறை இருமியது. மறுபடி மிதித்துக் காலை எடுத்தார். மறுபடி இருமல். மூன்றாவது கியரில் போட்டார். கன்றின் குரல் கேட்ட பசு மாதிரி அவர் காது அங்கேயே போய் நின்றுகொண்டது. ஆஸ்பத்திரி வந்தது, போனது. இன்னொரு தரமும் வந்தது, போனது. அடுத்த தரம் வாட்ச்மேன் நடுரோட்டில் இறங்கிக் கையை ஆட்டி நிறுத்தினான்.

"ஏனுங்க ஐயா, அந்தம்மா மூஞ்சியைச் சுளிச்சுக்கிட்டு எவ்வளவு நேரமா நிக்கறாங்க! நீங்க திரும்பிக்கூடப் பார்க்கலை!"

ஆறுக்குட்டி அவசரமாக எட்டிப் பார்த்தார். "மன்னிச்சுக்குங்க அம்மா. ரெண்டு கார்புரேட்டரும் ஒண்ணுக்கொண்ணு ஒத்துப் போகலை. காலை எடுத்தா இருமுது. சின்ன வேலைதானுங்க, சரி பண்ணிரலாம்."

"மத்த ரெண்டு வண்டி?"

"என்னங்க?"

"அதுகளும் இருமுச்சா?"

ஆறுக்குட்டி யோசித்தார். முதல் வண்டியை நினைத்தால் கேட் வந்தது. இரண்டாவதை நினைத்தாலும் கேட்தான் வந்தது. சத்தம் வரவில்லை. இன்ஜின் சத்தத்தை வைத்தே நாற்பது வருடம் சோறு தின்றவர். காதெல்லாம் சூடானது.

"கேக்கலைங்க," என்றார்.

வண்டியை ஓரமாக நிறுத்தினார். பிறகு மெல்லச் சொன்னார்: "மூணையும் முதல்லேர்ந்து ஓட்டிப் பார்க்கணுமுங்க."

மரகதத்தம்மா ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்தினார்.

"எந்த ரோட்டிலே?"