அங்காயியின் களவுபோன சிரிப்பு

இந்தக் கதையில் வயிறு குலுங்க ஒரு சிரிப்பு இருக்கிறது. சத்தியமாக இருக்கிறது. ஆனால் இப்போது கிடைக்காது. அது ஒரு மந்திரவாதியின் சுருக்குப்பைக்குள் மாட்டிக்கொண்டிருக்கிறது. அது வெளியே வரும்வரை எல்லாரும் வாயை மூடிக்கொண்டு கேளுங்கள். ஏய், அங்கே யார் அதற்குள் பல்லைக் காட்டுவது?

முன்னொரு காலத்தில், காக்கைக்கெல்லாம் வெள்ளைச் சிறகு இருந்த காலத்தில், ஏழேரி நாடு என்று ஒரு நாடு. அங்கே கடல் மாதிரி ஓர் ஏரி. ஏரிக்குள் ஒரு கல்தூண். தூணுக்குள் ஓர் இரும்புக்கோல். அந்தக் கோலைத் தூக்கினால் அடியில் இருக்கும் அடைகல் எழும்பும். தண்ணீர் மதகு வழியாக வாய்க்காலுக்குப் பாயும். நாற்பது வருடமாக அந்தக் கோலுக்குப் பொறுப்பு அங்காயிதான்.

அவளுக்கு அறுபது வயது நிறைந்த அன்று, சந்தையில் ஒரு மந்திரவாதி வழிமறித்தான்.

"அம்மணி! உண்மையை மட்டுமே பேசும் கண்ணாடி! காசு வேண்டாம். உன் சிரிப்பைக் கொடுத்தால் போதும்."

"சிரிப்புதானே? இன்னிக்குப் போனா நாளைக்கு ஒண்ணு வந்துட்டுப் போகுது" என்று கலகலவென்று சிரித்தாள் அங்காயி. அவன் அந்தச் சிரிப்பை லபக்கென்று பிடித்தான், பைக்குள் போட்டான், முடிச்சையும் இறுக்கினான்.

வீட்டுக்கு வந்து கண்ணாடியைப் பார்த்தாள். துருப்பிடித்த கதவு மாதிரி அது கிரீச்சிட்டது: "நரைத்தவளே, நகர்ந்து உட்கார்!"

முதல் நாள் கண்ணாடியை முறைத்தாள். இரண்டாம் நாள் யோசித்தாள். மூன்றாம் நாள் நகர்ந்து உட்கார்ந்தாள்.

அவள் புருஷன் சடையாண்டி வேடிக்கை பேசிப் பார்த்தான். குடத்தைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு ஆடியும் பார்த்தான். ம்ஹூம். உதட்டோரம்கூட அசையவில்லை. மூலையும் கண்ணாடியுமாகக் கிடந்தாள் அங்காயி.

அப்படியிருக்க, ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. ஏழு நாள் விடாமல் கொட்டியது. ஏரி தளும்பியது, கரை கசிந்தது. கரை உடைந்தால் கீழே மூன்று ஊரும் காலி. ராஜாவே குடையைப் பிடித்துக்கொண்டு ஓடிவந்தார். கூடவே மூன்று அரண்மனை மல்லர்கள்.

முதல் மல்லன் "ஹும்!" என்று இழுத்தான், கச்சை கிழிந்தது. இரண்டாம் மல்லன் "ஹும் ஹும்!" என்று இழுத்தான், இடுப்பு பிடித்துக்கொண்டது. மூன்றாம் மல்லன் "ஹும் ஹும் ஹும்!" என்று இழுத்தான், தொபுக்கடீர் என்று ஏரிக்குள் போனான். கோல் அசையவில்லை.

"அங்காயியைக் கூப்பிடுங்கள்!" என்று கத்தினார் ராஜா.

மூலையிலிருந்து பதில் வந்தது. "எனக்கு வயசாயிடுச்சுன்னு ராஜாகிட்ட சொல்லிடுங்க. என்னால ஆகாது."

அந்தக் கல்தூணுக்குள் ஒரு குறளி குடியிருந்தது. குறளி என்றால் முழங்கால் உயரக் குட்டிப் பிசாசு. வயது முந்நூறு, குறளிக் கணக்கில் பதினைந்துதான். ராஜாவின் இருமல், தவளையின் தொண்டை, விடியற்காலையில் மாமியார் தொண்டையைச் செருமும் அழகு, எல்லாக் குரலும் அதன் வாயில் வரும். கரை உடைந்தால் தூண் போகும், தூண் போனால் வீடு போகும். குறளி கூரை ஓட்டை வழியாக நழுவி, கண்ணாடிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டது.

அங்காயி கண்ணாடியை எடுத்தாள். "நரைத்த..." என்று அது தொடங்கியதும் குறளி அதன் வாயைப் பொத்தியது. பிறகு அதே துருப்பிடித்த குரலில் சொன்னது:

"அங்காயி! உனக்கு இருபது வயது ஆக்கிவிட்டேன். ஊருக்கெல்லாம் தெரியும். உன் கண்ணுக்கு மட்டும் தெரியாது. ஓடு!"

அங்காயி கையைப் பார்த்தாள், சுருக்கம் இருந்தது. முடியைப் பார்த்தாள், நரை இருந்தது. ஆனால் பொய் சொல்லாத கண்ணாடி ஆயிற்றே! அதை இடுப்பில் செருகிக்கொண்டு வாசலுக்கு வந்தாள்.

"என்னங்க, நான் எப்படி இருக்கேன்?"

"எப்பவும் இருக்கற மாதிரிதான். ஏன் புள்ள, காய்ச்சலா?" என்றான் சடையாண்டி.

'பாவம், மனுஷனுக்குக் கண் மங்கிப் போச்சு' என்று நினைத்துக்கொண்டாள்.

கரையில் நின்றவர்கள், "அங்காயி அத்தை வந்துட்டாங்க, வழி விடுங்க!" என்றார்கள். 'இருபது வயசுப் பொண்ணு இவங்களுக்கு அத்தையா?'

ராஜா குடையை மடக்கிவிட்டு, "வாங்கம்மா" என்று ஒதுங்கி நின்றார். 'சின்னப் பொண்ணுக்கு ராஜா வழி விடறாரே! இந்த ஊருக்கே என்ன ஆச்சு?'

ஒன்றும் விளங்காமலே பரிசலில் ஏறினாள். சடையாண்டி துடுப்புப் போட்டான். தூணில் கால் வைத்ததும் முட்டி 'கடக்' என்றது. 'இருபது வயசு முட்டி இப்படியா பேசும்?'

மல்லர்கள் மாதிரி அவள் கோலை இழுக்கவில்லை. காதை வைத்துக் கேட்டாள். கோலை இடப்பக்கம் ஒரு மயிரிழை திருப்பினாள். காத்திருந்தாள்.

"இழும்மா, இழு!" என்று கரையிலிருந்து ராஜா அலறினார்.

"கொஞ்சம் சும்மா இருங்க மகாராஜா! அவ தண்ணியோட பேசிட்டிருக்கா" என்றான் சடையாண்டி.

அடியிலிருந்து ஒரு குமிழ் வந்தது. காத்திருந்தாள். இரண்டாவது குமிழ் வந்தது. காத்திருந்தாள். மூன்றாவது குமிழ் 'பொளக்' என்று வெடித்ததும், தூங்கும் குழந்தையைத் தூக்குவதுபோல் கோலைத் தூக்கினாள். அடைகல் எழும்பியது. மதகு கர்ஜித்தது. ஏரி ஒரு சாண் இறங்கியது, மூன்று ஊரும் பிழைத்தன. ராஜா தோளிலிருந்த பொன்வளையைக் கழற்றி, "இது அங்காயிக்கு!" என்று தலைக்குமேல் ஆட்டினார்.

அங்காயியோ தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நடுவில் ஒரு பழைய தழும்பு.

"என்னங்க, இருபது வயசுல நான் இழுத்தப்போ இந்தக் கோல் அசைஞ்சுதா?"

"கோல் எங்க அசைஞ்சது? தோல் உரிஞ்சு, நீதான் தலைகுப்புறத் தண்ணிக்குள்ள போனே. கொண்டையைப் பிடிச்சு நான் தூக்கினேன்."

"குமிழுக்குக் காத்திருக்கணும்னு எனக்கு எப்போ தெரிஞ்சது?"

"நாற்பது தாண்டித்தான்."

"அப்போ இன்னிக்குத் தூக்கினது யாரு?"

"நீதான் புள்ள."

"எந்த நான்?"

சடையாண்டி தலையைச் சொறிந்தான். தூணுக்குள்ளிருந்து ஒரு துருப்பிடித்த குரல், "இருபது வயதுக் குமரியே..." என்று தொடங்கி, அடக்க முடியாமல் 'களுக்' என்றது.

"அடக் குறளியே! நீயா?"

இடுப்பிலிருந்து கண்ணாடியை உருவினாள். "நரைத்தவளே, நகர்ந்து..." என்றது அது.

"நரைச்சவதான். நகர மாட்டேன், போ!"

எங்கோ ஏழு மலைக்கு அப்பால் ஒரு சுருக்குப்பை படாரென்று கிழிந்தது. கண்ணாடியின் வாய் அடைத்துப் போனது; நரைமுடியும் பொக்கை வாயுமாக ஒரு முகம்தான் அதில் தெரிந்தது. அங்காயி அதைப் பார்த்தாள். பார்த்துவிட்டுச் சிரித்தாள், பரிசல் ஆட, தூண் ஆட, ஏரியே அலையடிக்கச் சிரித்தாள்.

இதோ, சொன்ன சிரிப்பு வந்துவிட்டது. இனி நீங்களும் சிரிக்கலாம்.