வில்மாரின் முறை

உருகுவே நாட்டில் கால்பந்துப் பயிற்சியாளரை ‘ப்ரொஃபே’ என்று கூப்பிடுவார்கள். நாம் வாத்தியார் என்கிறோமே, அதேதான். சான் எலாதியோ என்ற ஆற்றங்கரை ஊரின் கிளப்புக்கு ஒரு ப்ரொஃபே இருந்தார். பெயர் வாஷிங்டன். அந்த நாட்டில் குப்பன் சுப்பனுக்கெல்லாம் இந்தப் பெயர் உண்டு; அமெரிக்காவுக்கும் அவருக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. சொந்த ஊர் கிளப்பைத் தவிர வேறெதற்கும் அவர் ஆடியதும் இல்லை.

ஒரு வருடம் வில்மார் அவரிடம் ஆட வந்து சேர்ந்தான். வயது முப்பத்தாறு, ப்ரொஃபேயைவிட இரண்டு வயது மூத்தவன். சின்ன வயதில் இருவரும் ஒரே அணியில் ஆடியவர்கள். ஆனாலும் வில்மார் அவரை ‘நீங்க’ என்றுதான் பேசினான். வாத்தியார் என்று ஆனபிறகு யார் வயதைப் பார்க்கிறார்கள்?

வில்மார் நடுக்கள ஆட்டக்காரன். பத்தொன்பது வயதில் ஊரைவிட்டுப் போனவன். சிலி, மெக்சிகோ, போர்ச்சுகல், சைப்ரஸ், கிரீஸ், துருக்கி, கத்தார் என்று சுற்றாத இடமில்லை. பன்னிரண்டு கிளப். பந்து காலுக்கு வந்த மறுநொடி அடுத்தவனுக்குப் போய்விடும்; அவன் காலில் பந்து தங்கியதே இல்லை. எல்லா ஊரிலும் அதற்காகத்தான் அவனை எடுத்தார்கள்.

தன் மொழி பேசாத நாடுகளின் மொழியிலெல்லாம் அவனுக்கு ஒரு வார்த்தை தெரியும். நன்றி. விமானம் இறங்குவதற்குள் அதைக் கற்றுக்கொண்டுவிடுவான். பல ஊர்களில் இரண்டாவது வார்த்தையைக் கற்பதற்குள் கிளம்பிவிட்டான்.

கிளம்பும் நாளில் செல்போனில் ஒரு செய்தி போடுவான். மைதானத்தின் படம், அதன் கீழே ‘நன்றி. இந்தக் கிளப்பை என்றைக்கும் மறக்கமாட்டேன்’. ஒவ்வொரு முறையும் அதே செய்திதான், கிளப்பின் பெயரை மட்டும் மாற்றுவான். ஒருமுறை அதையும் மாற்ற மறந்துவிட்டான். மறக்கவே மாட்டேன் என்று கிரீஸ்காரர்களுக்குச் சொன்ன செய்தியில் சைப்ரஸ் கிளப்பின் பெயர் இருந்தது. இதை அவனே எல்லாரிடமும் சொல்லிச் சிரிப்பான்.

சான் எலாதியோ இரண்டாம் டிவிஷனில் இருந்தது. மூன்று ஆட்டம் பாக்கி. ஜெயித்தால் முதல் டிவிஷன். ஊரே அதைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தது. அந்த நேரம் பார்த்து வில்மாரின் ஏஜெண்ட் மலேசியாவில் ஒரு இடம் பிடித்துக் கொடுத்தான். வியாழக்கிழமை விமானம். செவ்வாய் மதியத்துக்குள் சரி என்றோ இல்லை என்றோ சொல்லியாக வேண்டும்.

செவ்வாய் காலைப் பயிற்சி முடிந்தது. வில்மார் பழைய செய்தியைத் தேடி எடுத்து, சான் எலாதியோ என்று பெயரை மாற்றி வைத்துக்கொண்டான். இந்த முறை இரண்டு தடவை சரிபார்த்தான். அனுப்புவதற்கு முன்னால் ப்ரொஃபேயிடம் நேரில் சொல்லிவிடலாம் என்று உடை மாற்றும் அறையின் பின்பக்கம் போனான்.

அங்கே ஒரு பெஞ்சில் ப்ரொஃபே உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் கோல்கீப்பர் ருபென். எதிரே, ஆட்டக்காரர்களுக்குக் கால் பிடித்துவிடும் நெலிதா. நடுவில் வெந்நீர் பிளாஸ்க்.

“பெட்டியைப் பிரிச்சாச்சா, இல்ல இன்னும் அப்படியேதான் கிடக்கா?” என்றாள் நெலிதா. பார்க்கும்போதெல்லாம் கேட்கிற கேள்விதான். வில்மார் வந்து நாலு மாதம் ஆகியும் பஸ் நிலையத்துக்கு எதிரே ஒரு லாட்ஜில் தங்கியிருந்தான். சட்டைகளைப் பெட்டியிலிருந்துதான் எடுத்துப் போட்டுக்கொள்வான்.

வில்மார் சிரித்து மழுப்பினான். சொல்ல வந்தது வாயில் வரவில்லை. வேறொன்று வந்தது.

“ப்ரொஃபே, ஒண்ணு கேக்கணும்.”

“கேளு.”

“இத்தனை கிளப்புல ஆடிட்டேன். ஒரு கிளப்பும் என்னை வெளிய அனுப்பல. நானாத்தான் கிளம்பினேன்.”

“தெரியும்.”

“ஆனா ஒரு இடத்துலகூட யாரும் என்னை ‘இரு’ன்னு சொல்லல. ஏன்?”

ப்ரொஃபே பிளாஸ்க்கின் மூடியைத் திருகிக்கொண்டே கேட்டார். “ஒருத்தருமா சொல்லல?”

“ஒருத்தரும் இல்ல. போர்ச்சுகல்ல கிளப் தலைவர் கடைசி நாள் வீடு தேடி வந்தார். கையில இவ்ளோ பெரிய மீன். வாசல்ல கட்டி வெச்ச பெட்டியெல்லாம் பார்த்தார். மீனை என் கையில குடுத்தார், போயிட்டார். ஊருக்குக் கிளம்பறவனுக்கு யாராவது பச்சை மீன் குடுப்பாங்களா?”

ருபென் விழுந்து விழுந்து சிரித்தான். ப்ரொஃபேயும் சிரித்தார்.

“மீனை என்ன பண்ணின?”

“டாக்சிக்காரருக்குக் குடுத்துட்டேன்.”

“சரி, உட்காரு. தண்ணி ஆறுது.”

அந்த ஊரில் மாத்தே என்று ஒரு பானம். கசக்கும் இலைத்தூளைச் சுரைக்குடுக்கையில் போட்டு, வெந்நீர் ஊற்றி, உலோகக் குழலால் உறிஞ்சுவார்கள். ஒரே குடுக்கை, ஒரே குழல், எல்லாருக்கும். நாமாக இருந்தால் எச்சில் என்று எழுந்து போய்விடுவோம். ஒருவர்தான் ஊற்றிக் கொடுப்பார். வாங்கியவர் சொட்டு மிச்சமில்லாமல் உறிஞ்சிவிட்டு அவரிடமே திருப்பித் தருவார். அவர் மறுபடி ஊற்றி அடுத்தவருக்கு நீட்டுவார். இப்படியே சுற்றிக்கொண்டிருக்கும்.

ப்ரொஃபே முதலில் தான் குடித்தார். பிறகு ஊற்றி வில்மாரிடம் நீட்டினார். வில்மார் உறிஞ்சினான். நல்ல சூடு, நல்ல கசப்பு.

“நன்றி, ப்ரொஃபே,” என்று திருப்பிக் கொடுத்தான்.

ப்ரொஃபே அவனை ஒருமுறை பார்த்தார். ஊற்றி ருபெனுக்குக் கொடுத்தார். அப்புறம் நெலிதாவுக்கு. அப்புறம் தனக்கு.

பேச்சு சனிக்கிழமை ஆட்டத்துக்குப் போனது. கார்னர் அடிக்கும்போது முன்னால் யார் நிற்பது என்று ருபென் கேட்டான். ப்ரொஃபே பதில் சொல்லிக்கொண்டே ஊற்றினார். வில்மார் கையை நீட்டினான். குடுக்கை அவன் கையைத் தாண்டி ருபெனிடம் போனது.

கவனிக்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்தான். அடுத்த சுற்றிலும் அப்படியே ஆனது. வில்மாருக்குச் சுருக்கென்றது. அதற்கடுத்த சுற்றில் அவன் கையை நீட்டவில்லை. ஆனால் முகம் சிவந்துவிட்டது.

“யார் சொன்னாங்க உங்களுக்கு?” என்றான்.

“எதை?”

“நான் மலேசியா போறதை. கோபம்னா நேரா திட்டுங்க ப்ரொஃபே. நாலு பேரு நடுவுல உட்கார வெச்சு எனக்கு மட்டும் குடுக்காம இருக்கறது என்ன நியாயம்? நானும் இந்த ஊர்க்காரன்தான்.”

ருபெனின் வாயிலிருந்து குழல் நழுவியது. “மலேசியாவா? எப்போ?”

“அப்போ சனிக்கிழமை?” என்றாள் நெலிதா.

மூன்று பேருக்கும் எதுவும் தெரியாது என்று வில்மாருக்கு அப்போதுதான் உறைத்தது. தானே உளறிவிட்டோம் என்பதும்தான்.

“அப்புறம் ஏன் ப்ரொஃபே எனக்குத் தரல?”

“நீதானப்பா நன்றி சொன்ன.”

வில்மார் ருபென் கையிலிருந்த குடுக்கையைப் பார்த்தான்.

மாத்தே சுற்றில் உட்கார்ந்து நன்றி என்றால், எனக்குப் போதும் என்று அர்த்தம். அதைச் சொன்னவனுக்குக் குடுக்கை திரும்பி வராது. அந்த நாட்டில் பச்சைக் குழந்தைக்கும் இது தெரியும். வில்மாருக்கும் தெரிந்திருந்ததுதான். எந்த நாட்டுக்குப் போனாலும் குடுக்கையும் இலைத்தூளும் அவன் பெட்டியில் இருக்கும். ஆனால் இத்தனை வருடமும் அறைக்குள் தானே ஊற்றித் தானே குடித்தவன். அங்கே யாரிடம் போதும் என்று சொல்வது, யாரிடம் சொல்லாமல் இருப்பது?

“பழக்கத்துல வந்துடுச்சு ப்ரொஃபே. போதும்னு நான் நினைக்கவே இல்ல.”

“எனக்கு எப்படித் தெரியும்?”

“இன்னும் வேணுமான்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே?”

“நன்றின்னு சொல்லிட்டவனைப் பிடிச்சு வெச்சுக் கேக்கறது மரியாதையா?”

வில்மார் தரையைப் பார்த்தான்.

“அந்த மீன்...” என்று ஆரம்பித்தான் வில்மார். போர்ச்சுகல் கிளப் தலைவர் வாசற்படியில் மீனோடு நின்றது கண்ணெதிரே வந்தது. இவன் இருந்து சமைத்துச் சாப்பிடுவான் என்றுதானே அதைக் கொண்டு வந்தார்? இத்தனை வருடம் சிரித்த கதைக்கு இப்போது அவனுக்கு அழுகை வந்தது.

பெஞ்சில் கிடந்த செல்போன் அதிர்ந்தது. ஏஜெண்ட். அடித்து ஓய்ந்தது. மறுபடி அடித்தது.

“ப்ரொஃபே.”

“ம்.”

“இன்னும் வேணும்னா என்ன சொல்லணும்?”

ப்ரொஃபே குடுக்கையில் வெந்நீர் ஊற்றி அவனிடம் நீட்டினார்.

“ஒண்ணும் சொல்ல வேணாம். குடிச்சிட்டுத் திருப்பிக் குடு. எழுந்திரிக்காம உட்கார்ந்திரு.”

வில்மார் இரண்டு கையாலும் வாங்கி உறிஞ்சினான். கடைசிச் சொட்டில் குழல் கரகரத்தது. குடுக்கையைத் திருப்பிக் கொடுத்தான். நாக்கு நுனிவரை வந்த வார்த்தையை விழுங்கிக்கொண்டான்.

ருபென் குடித்தான். நெலிதா குடித்தாள். ப்ரொஃபே தனக்கு ஊற்றிக்கொண்டார். செல்போன் இன்னொரு முறை அடித்து ஓய்ந்தது.

பிறகு வில்மாரின் முறை வந்தது.